காகிதத்துக்கும் கஞ்சி போடுவார்கள்!

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் பகுதிகளில் விடியற்காலையில் நடந்து போனால் சில தெருக்களில் இன்றைக்கும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு, நூலைப் பிரித்து விட்டு, அரிசிக் கஞ்சி ஏற்றிக் காய வைப்பார்கள். சைக்கிள்காரர்கள்கூட ஓரமாக ஒதுங்கித்தான் போவார்கள்.

எதற்குக் கஞ்சி? பட்டு நூல் வழுவழுப்பானது, மெல்லியது. தறியில் ஏறியதும் ஒவ்வொரு இழையும் ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் உரசும். வெறும் நூலாக இருந்தால் பிசிறு கிளம்பி அறுந்து விடும். கஞ்சி ஏறினால் நூலுக்கு ஒரு சட்டை போட்டது மாதிரி. விறைப்பும் வரும், கொஞ்சம் தடிமனும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டுக்குப் பிறவியிலேயே ஒரு பசை இருக்கிறது. பட்டுப்புழு நூலோடு சேர்த்து செரிசின் என்ற புரதத்தையும் சுற்றித்தான் கூடு கட்டுகிறது. கச்சாப் பட்டின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதை முதலில் எடுத்து விடுவார்கள். அப்போதுதான் சாயம் நன்றாகப் பிடிக்கும், பளபளப்பும் வரும். இயற்கை போட்ட பசையைக் காசு செலவழித்து எடுத்துவிட்டு, பிறகு சமையலறைப் பசையைப் போடுகிறோம். (நூறு கிலோ வாங்கி எழுபத்தைந்து கிலோவாகக் கணக்கு எழுத வேண்டிய தொழில் இது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் 'நார்மல் லாஸ்' என்று படித்தவர்கள் ஞாபகப்படுத்திக் கொள்ளவும்.)

நெசவில் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் சைசிங் என்று பெயர். அதே சொல்லைக் காகிதம் செய்கிறவர்களும் பயன்படுத்துகிறார்கள், புகைப்படம் அச்சிடுகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆட்களைப் பற்றியது. ஆனால் அவர்களுடைய கதை நம் பக்கத்திலேயே, சென்னையிலிருந்து பாலாறு வரைக்கும், சுற்றிச் சுற்றி வருகிறது.

முதலில் காகிதம். டிஷ்யூ பேப்பரில் பேனா மையை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நாலாபக்கமும் பரவி விடும். நோட்டுப் புத்தகத்தில் விட்டால் சொட்டு அப்படியே நிற்கும். இரண்டும் நார்தான். நோட்டுக் காகிதத்தில் நார்களின் இடைவெளியை அடைக்க ஒரு பசை போட்டிருக்கிறார்கள், டிஷ்யூவில் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பசை போடாத காகிதம் உறிஞ்சும் தாள்தான், எழுத உதவாது.

இந்தியாவில் கைக்காகிதம் செய்தவர்கள் பெரும்பாலும் அரிசி அல்லது கோதுமை மாவுக் கஞ்சியைத்தான் பூசினார்கள். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அரபு, பாரசீகக் காகித மரபிலிருந்து வந்த பழக்கம் அது. ஐரோப்பாவில் வேறு வழி. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் தோல் துண்டுகளைக் கொதிக்க வைத்து எடுத்த பசையில் காகிதத்தை முக்கினார்கள். இதுதான் ஜெலட்டின். பறவை இறகுப் பேனாவால் அழுத்தி எழுதினாலும் தாங்கும் கெட்டித்தன்மை அதனால் வந்தது. பிற்காலத்தில் அதோடு படிகாரத்தையும் சேர்த்தார்கள். படிகாரம் ஜெலட்டினைச் சீக்கிரம் அழுகாமல் வைத்தது, கொஞ்சம் இறுக்கவும் செய்தது. ஆனால் அதிலிருந்த அமிலத்தன்மை பல பழைய புத்தகங்களைப் பழுப்பாக்கி நொறுங்கவும் வைத்தது.

1839ல் புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் கையில் இருந்தது எழுதுகிற காகிதம்தான். உப்புத் தண்ணீரில் நனைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் வைத்தால் படம் வரும். அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. வெள்ளி உப்பு காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிட்டால் படம் மங்கலாக, உயிரில்லாமல் இருக்கும். மேல்பரப்பிலேயே நின்றால் கறுப்பு கறுப்பாகத் தெரியும், நுணுக்கமும் கிடைக்கும். அது நிற்கிறதா இறங்குகிறதா என்பதைத் தீர்மானிப்பது காகிதத்தின் பசை. இங்கிலாந்தின் வாட்மன் காகிதத்தில் ஜெலட்டின் பசை. பிரான்ஸ் நாட்டுக் காகிதங்களில் ஸ்டார்ச்சும் மரப்பிசினும். ஒரே ரசாயனத்தை இரண்டிலும் பூசினால் ஜெலட்டின் காகிதத்தில் செம்பழுப்பு நிறம், ஸ்டார்ச் காகிதத்தில் ஊதா கலந்த நிறம். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு படத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறது!

1851ல் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே ஒரு முறையைக் கொண்டு வந்தார். நெகட்டிவ் எடுக்கும் காகிதத்தில் முதலில் மெழுகை ஏற்றி நார் இடைவெளிகளை அடைத்துவிட வேண்டும். பிறகு அயோடைடு கரைசலில் ஊற வைக்க வேண்டும். அந்தக் கரைசலுக்கு அடிப்படை என்ன தெரியுமா? அரிசி வேகவைத்து வடித்த தண்ணீர்! அதோடு மீனிலிருந்து எடுத்த பசையும் பால் சர்க்கரையும். பாரிஸில் உட்கார்ந்து வடிகஞ்சியில் போட்டோ எடுத்திருக்கிறார் மனிதர். காஞ்சிபுரத்துப் பாவுக்கு ஏறுகிற அதே சரக்கு.

மெழுகுக் காகித முறைதான் சென்னை மாகாணத்துக்குத் தோதாக இருந்தது. அப்போது புதிதாக வந்திருந்த கண்ணாடித் தகடு முறையில் ஈரம் காய்வதற்குள் பூசி, எடுத்து, கழுவி முடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும்? மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து காய்ந்த நிலையில் மாட்டு வண்டியில் எடுத்துப் போகலாம். உடையாது, கனமும் இல்லை.

அப்படி எடுத்துப் போனவர்களில் முக்கியமானவர் லின்னேயஸ் ட்ரைப். 1822ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1838ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1854ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவை பரிசு பெற்றன. அதே வருஷம் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக் குழுவோடு போனார். அங்கே எடுத்த படங்களில் 120ஐத் தேர்ந்தெடுத்து 50 தொகுதிகளாக பெங்களூரில் அச்சிட்டார். பெருக்கிப் பாருங்கள், 6,000 தாள்கள். இன்றைக்கு மாதிரி பட்டனை அழுத்தினால் வருகிற பிரிண்ட் இல்லை. ஒவ்வொரு தாளையும் உப்புக் கரைசலில் மிதக்க விட்டு, காய வைத்து, வெள்ளி ஏற்றி, இருட்டில் காய வைத்து, நெகட்டிவோடு ஒட்டி வெயிலில் வைத்து, தங்கக் கரைசலில் நிறம் ஏற்றி, ஹைப்போவில் நிலைநிறுத்தி, பல தண்ணீரில் கழுவ வேண்டும். அத்தனை தடவை நனைந்து காய்ந்த பிறகும் காகிதம் காகிதமாகவே இருக்க வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கிற பசைதான்.

1856ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக ட்ரைப் நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858ல் இவை ஊர்வாரியாகத் தொகுதிகளாக வந்தன. (அந்தத் தொகுதிகளில் காஞ்சிபுரம் இல்லை. கைலாசநாதர் கோயில் அவர் கேமராவுக்குக் கிடைக்காமல் போனது நமக்கு நஷ்டம்தான்.) தஞ்சாவூரில் அவர் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் ஆச்சரியப்பட வைக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து படம் எடுத்தார். 21 பிரிண்டுகளை வரிசையாகத் துணியில் ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். பக்கத்துப் பக்கத்துத் தாள்களின் நிறம் ஒத்துப் போகவில்லை என்றால் அந்தச் சுருள் ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருந்திருக்கும். 21 தாளும் ஒரே மாதிரி வெள்ளியை உறிஞ்ச வேண்டும். அதாவது 21 தாளிலும் பசை ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இந்த வேலையில் ட்ரைப் தனி ஆள் இல்லை. சி. அய்யாசாமி என்பவர் அவருடைய உதவியாளர். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850ல் தொடங்கிய கலைப் பள்ளியில் பயின்றவர். (இன்றைக்கு எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது.) ஹன்டரே 1856ல் உருவான சென்னைப் புகைப்படச் சங்கத்துக்கும் காரணமாக இருந்தவர். 1850களில் தமிழ் இளைஞர்கள் வெள்ளி நைட்ரேட்டில் விரல் கறுத்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் புத்தகங்களில் ட்ரைப் பெயர்தான் பெரிதாக வருகிறது. அய்யாசாமிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

முடிவு சோகமானது. 1859ல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் 1857 கலகத்துக்குப் பிறகான நிதி நெருக்கடியில் செலவுகளைப் பார்த்தார். அரசாங்கமே போட்டோ எடுப்பது அவருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. வேலை நிறுத்தப்பட்டது, 1860ல் எல்லாம் மூடப்பட்டது. பட்ஜெட் என்று வந்தால் முதலில் கை வைப்பது எங்கே என்பது அன்றும் அப்படித்தான். ட்ரைப் அதற்குப் பிறகு பெரிதாகப் படம் எடுக்கவில்லை. 1902ல் இறந்தார்.

சரி, ஜெலட்டினுக்கு வருவோம்.

காகிதத்தின் உள்ளே ஒளிந்திருந்த ஜெலட்டினை முன்னால் கொண்டு வந்தவர் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். அந்தக் கால முறையில் இருந்த ஈதர் வாசனை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1871ல், வெள்ளி உப்பை ஜெலட்டினிலேயே கலந்து கண்ணாடியில் பூசலாமே என்று எழுதினார். 1878ல் சார்லஸ் பென்னட் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கலவையைச் சுமார் 32 டிகிரி வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தால் அதன் ஒளி உணர்வு பலமடங்கு கூடுகிறது. லண்டனில் அதற்கு அடுப்பு வேண்டும். சென்னையில் மே மாதம் சும்மா மேஜை மேல் வைத்தாலே போதும் :)

ஆனால் அந்த வெப்பமே வில்லனும் ஆனது. ஜெலட்டின் குளிர்ந்த தண்ணீரில் கரையாது, ஊறி உப்பும். தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டினால் கரைய ஆரம்பிக்கும். அதற்கு முன்பே இளகி விடும். நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டியில் மத்தியானம் குழாயைத் திறந்தால் என்ன சூட்டில் தண்ணீர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கழுவும்போதே படம் ஓரங்களில் சுருங்கி, தகட்டை விட்டுக் கழன்று வருவது வெப்ப நாடுகளில் அன்றைய புகைப்படக்காரர்களின் பெரிய தலைவலி. ஐஸ் வாங்க முடிந்தவர்கள் ஐஸ் போட்டார்கள். இல்லாதவர்கள் விடியற்காலையில் வேலை பார்த்தார்கள். காஞ்சிபுரத்தில் பாவு போடுகிறவர்களும் விடியற்காலையில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் காரணம் வேறு. நூல் படபடவென்று காய்ந்துவிடக் கூடாது.

ஜெலட்டின் இளகாமல் இருக்க ஒரே வழி அதைக் கெட்டிப்படுத்துவது. இங்கேதான் கதை தோல் ஷாப்புக்குள் நுழைகிறது.

மாட்டுத் தோல், எலும்பு இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கொதிக்க வைத்தால் வருவதுதான் ஜெலட்டின். தோலைப் பதப்படுத்தும்போது என்ன நடக்கிறது? அந்தக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே பாலம் போட்டு, தண்ணீரில் அழுகாமல், சூட்டில் இளகாமல் ஆக்குகிறார்கள். ஆகவே எது தோலைப் பதப்படுத்துமோ அது ஜெலட்டினையும் பதப்படுத்தும். படிகாரம் கொஞ்சம் செய்யும். குரோம் படிகாரம் அதைவிட நன்றாகச் செய்யும், அதில் இருக்கும் குரோமியம் இழைகளைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். 1890களிலிருந்து ஃபார்மலினும் இந்த வேலைக்கு வந்தது. இதில் ஏதாவது ஒன்று பட்ட ஜெலட்டின் பிறகு சுடுதண்ணீருக்கும் அசையாது.

வெளிச்சத்தை வைத்தே ஜெலட்டினைக் கெட்டிப்படுத்தலாம் என்பது இதைவிடப் பழைய கண்டுபிடிப்பு. 1839ல் ஸ்காட்லாந்தின் முங்கோ பான்டன், பொட்டாசியம் டைக்ரோமேட் பூசிய காகிதம் வெயிலில் நிறம் மாறுவதைக் கண்டார். அடுத்த வருஷமே பிரான்ஸின் எட்மண்ட் பெக்கரல், மாற்றத்துக்குக் காரணம் காகிதத்தில் இருக்கும் பசைதான், வெறும் காகிதம் இல்லை என்று சொன்னார். பசை இல்லையென்றால் படம் இல்லை! 1852ல் டால்பட், டைக்ரோமேட் கலந்த ஜெலட்டின் வெளிச்சம் பட்ட இடத்தில் கரையாமல் போகிறது என்று காப்புரிமை எடுத்தார். வெளிச்சம் பட்டதும் டைக்ரோமேட்டில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்குகிறது. அந்த மூன்று இணைதிறன் குரோமியம்தான் தோலைப் பதப்படுத்துவதும். அதாவது சூரியனே படத்தின் வடிவத்தில் தோல் பதனிடுகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைகளில் மஞ்சள் கலவையைச் சல்லடைத் துணியில் பூசி வெளிச்சத்தில் காட்டுவார்களே, அடிப்படை அதே டைக்ரோமேட் வித்தைதான்.

இதே வேதியியலில் பிறந்ததுதான் கம் பிரிண்ட். கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த அரபிக் கோந்து, நீர்வண்ணச் சாயம், டைக்ரோமேட் மூன்றையும் கலந்து காகிதத்தில் பூச வேண்டும். நெகட்டிவ் வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் போட்டால் வெளிச்சம் படாத இடம் கரைந்து போய் மீதி படமாக நிற்கும். 1858ல் ஜான் பௌன்சி செய்து காட்டினார். 1890களில் பாரிஸின் ராபர்ட் டெமாஷி அதைப் பெரிய கலையாக்கினார். ஓவியம் மாதிரி இருக்கும். ஒரே தாளில் நான்கைந்து தடவை பூசி, காட்டி, கழுவி நிறம் நிறமாக ஏற்றலாம்.

அங்கேதான் சிக்கல். காகிதம் பசை குறைந்ததாக இருந்தால் சாயம் நாருக்குள் போய்க் குந்திக் கொள்ளும். வெள்ளையாக இருக்க வேண்டிய வானம் அழுக்காகும். ஜெலட்டின் பூசினால் சாயம் இறங்காது. ஆனால் வெறும் ஜெலட்டின் இரண்டாம் மூன்றாம் கழுவலில் இளகி, படத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் ஜெலட்டின் பூச வேண்டும், அதைக் கெட்டிப்படுத்தவும் வேண்டும். கஞ்சிக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். பாவில் ஏறும் கஞ்சி நெய்து முடிக்கிற வரை இருந்தால் போதும். படக் காகிதத்தின் பசை எத்தனை தண்ணீர் பார்த்தாலும் போகவே கூடாது.

இனி நம் ஊர்க் கணக்கு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் செங்கல்பட்டு, தாம்பரம் தாண்டியதும் குரோம்பேட்டை என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. 1910களில் சேம்பர்ஸ் என்பவர் அங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. அதற்கும் முன்னால் 1900களின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைச் சென்னையில் நடத்தியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். எங்கே நடத்தினார்? அய்யாசாமி படித்த அதே கலைப் பள்ளியில்! புகைப்படம் ஒரு தலைமுறை, குரோமியம் இன்னொரு தலைமுறை என்று ஒரே வளாகத்தில் இரண்டும் நடந்திருக்கிறது.

இதற்கிடையில் புகைப்படக்காரர்கள் பசையைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டார்கள். கம்பெனிகளே ஜெலட்டின் பூசி, கெட்டிப்படுத்தி, டப்பாவில் போட்டு விற்றன. நம் மாநிலத்திலேயே ஒரு அரசு நிறுவனம் இருந்தது. ஊட்டியில் 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே செய்தவை. தூசியும் சூடும் இல்லாத இடம் வேண்டும் என்பதால் நீலகிரி. ஜெலட்டினுக்கு வெயில் ஆகாது என்ற பழைய பாடம்தான் ஆலையை மலை ஏற்றியது. கலர் வந்தது, இறக்குமதி தாராளமானது, டிஜிட்டல் வந்தது. 1990களிலேயே நலிவடைந்த நிறுவனம் பல வருஷ நஷ்டத்துக்குப் பிறகு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்பியிருந்த ஆலை. பேலன்ஸ் ஷீட்டில் நஷ்டம் ஒரு வரியில் முடிந்துவிடும், ஊருக்கு அப்படி இல்லை.

டப்பாக் காகிதம் அருகியதும் சிலர் மறுபடி கையால் பூச ஆரம்பித்திருக்கிறார்கள். கம் பிரிண்ட், பிளாட்டினம், சயனோடைப் என்று பழைய முறைகள் 'மாற்றுப் புகைப்படக்கலை' என்ற பெயரில் திரும்பி வந்தன. கோவாவில் இதற்கென்றே ஒரு மையம் பட்டறைகள் நடத்தியிருக்கிறது. காகிதத்துக்கு வெளிநாட்டு நீர்வண்ணத் தாள்தான் வேண்டும் என்றில்லை. புதுச்சேரியில் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது. நீண்ட பருத்தி நார் நனைந்தாலும் பலம் விடாது.

செய்முறை சமையல் மாதிரிதான். நூறு பங்கு தண்ணீருக்கு மூன்று பங்கு ஜெலட்டின். முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விட வேண்டும். பிறகு 45, 50 டிகிரிக்கு மெதுவாகச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கொதிக்கவே கூடாது, கொதித்தால் உறையும் சக்தி போய்விடும். தாளை முழுதாக முக்கி எடுத்து, விளிம்பில் வழித்து, கொடியில் தொங்க விட வேண்டும். காய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை. இல்லாவிட்டால் கீழ்விளிம்பில் மட்டும் பசை தடித்து, அந்த இடம் வேறு நிறமாகத் தெரியும். அதற்குப் பிறகு கெட்டிப்படுத்தும் கரைசல்.

எந்தக் கரைசல் என்பதில்தான் இன்றைக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. ஃபார்மலின் வேலையை அழகாகச் செய்யும். ஆனால் அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. கிளையாக்ஸல் வாசனை இல்லாதது, ஆனால் சரியாகக் கழுவாவிட்டால் தாள் மஞ்சளாகும். குரோம் படிகாரம் தாளுக்கு லேசான பச்சைச் சாயல் தரும்.

கம் பிரிண்டில் போடும் டைக்ரோமேட்தான் எல்லாவற்றிலும் மோசம். தோல் பதனிடும் குரோமியத்தைவிட அது பல மடங்கு நஞ்சு, புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. அது எப்படிப்பட்ட பொருள் என்று அறிய ஐரோப்பாவுக்குப் போகவும் வேண்டாம். பாலாற்றில் காஞ்சிபுரத்துக்கு மேலே இருக்கிறது ராணிப்பேட்டை. அங்கே குரோமேட் ரசாயனங்கள் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டது. அதன் கழிவு மட்டும் திறந்த வெளியில் மலையாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கியது. 2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகத்தில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. காஞ்சிப் பட்டின் சாயப் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று பெருமையாகச் சொல்லப்படுகிற ஊரில் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

வீட்டில் நாலு தாள் அச்சிடுகிறவர் ஊற்றும் அளவு ஆலைக் கழிவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று வாதிடலாம். ஆனாலும் சாக்கடையில் ஊற்றாமல் இருக்க வழி இருக்கிறது. மிச்சக் கரைசலில் சோடியம் மெட்டாபைசல்பைட்டோ வைட்டமின் சி தூளோ போதிய அளவு சேர்த்தால் ஆரஞ்சு நிறம் மாறிப் பச்சையாகும். நஞ்சு அதிகமான குரோமியம் நஞ்சு குறைந்த குரோமியமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியாகச் சேர்த்து வைத்து ரசாயனக் கழிவாகக் கொடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். தூளை மூச்சில் இழுக்கவே கூடாது.

கெட்டிப்படுத்தியது சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. காய்ந்த தாளின் மூலையில் ஒரு சிறு துண்டை வெட்டி, கை பொறுக்கிற சூட்டைவிட அதிகமான தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு, விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் ஜெலட்டின் இளகுகிறது, மறுபடி கரைசலில் போட வேண்டும். சொரசொரப்பாகவே இருந்தால் தாள் தயார், சாயம் பூச ஆரம்பிக்கலாம்.